கால்பணம், முழத்துண்டு, வாய்க்கரிசி: சேலம் – நாமக்கல் சமவெளிக் கூத்தில் அரிச்சந்திரன் மயான காண்டம்

ஆய்வுச்சுருக்கம்

தமிழ் நாடக மரபில் துன்பியல் இல்லை என்னும் கருத்து நெடுநாளாகச் சொல்லப்பட்டு வருகிறது. அரிச்சந்திரன் கதையின் மங்கல முடிவும் அதற்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. சேலம், நாமக்கல் மாவட்டச் சமவெளிப் பகுதியின் தெருக்கூத்தில் மயான காண்டம் ஆடப்படும் முறையைக் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை மறுக்கிறது. அக்காண்டத்தின் கொடுமை முனிவரின் சோதனையில் இல்லை. தனக்கு உரிமையில்லாத ஒன்றை விட்டுக்கொடுக்க இயலாத நல்லவன் ஒருவன், தன் மகனின் பிணத்துக்கே கூலி கேட்டு நிற்பதில் உள்ளது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: தெருக்கூத்து, அரிச்சந்திரன், மயான காண்டம், துன்பியல், அழுகை, கடன், கொத்தடிமை.

1. முன்னுரை

துன்பியல் என்னும் சொல்லே தமிழுக்கு ஐரோப்பிய நாடகக் கல்வியின் வழியாக வந்தது. அச்சொல்லோடு ஓர் அளவுகோலும் சேர்ந்தே வந்தது. தலைவன் வீழ வேண்டும்; வீழ்ந்தவன் எழக்கூடாது; மேடையில் இறுதியாக எஞ்சுவது பிணமாக இருக்க வேண்டும். இந்த அளவுகோலைக் கொண்டு அளந்தவர்கள், நம் மரபில் தெய்வம் தோன்றி இறந்தவரை எழுப்பிவிடுவதால் இங்குத் துன்பியல் வளர வழியில்லை என்றனர். அரிச்சந்திரன் கதை அவர்கள் கைக்கு எளிதில் அகப்பட்ட சான்று. வெட்ட ஓங்கிய வாள் மாலையாகிறது, பாம்பு தீண்டி இறந்த மகன் உயிர்பெறுகிறான், இழந்த நாடு திரும்புகிறது.

இந்த அளவுகோல் பிறந்த மண்ணிலேயே அது எவ்வாறு பயன்பட்டது என்பதையும் நோக்க வேண்டும். ஷேக்ஸ்பியரின் லியர் அரசன் நாடகத்தை நாகும் டேட் என்பவர் 1681இல் திருத்தி எழுதினார். அத்திருத்தத்தில் கார்டீலியா சாவதில்லை, எட்கரை மணக்கிறாள், லியர் அரசுரிமையைத் திரும்பப் பெறுகிறான். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்காலம் ஆங்கில மேடை பெரும்பாலும் இந்த வடிவத்தையே ஆடியது. 1823இல் எட்மண்ட் கீன் துன்ப முடிவை மேடைக்கு மீட்டார். 1838இல் மாக்ரெடி மூலப் பனுவலைப் பெருமளவு மீட்டார். சாமுவேல் ஜான்சன் போன்ற பேரறிஞரே கார்டீலியாவின் சாவைத் தாங்க மாட்டாமல், பதிப்புப் பணிக்காகக் கட்டாயம் நேரும்வரை அந்த இறுதிக் காட்சிகளை மீண்டும் படிக்காமல் இருந்ததாகக் குறிப்பிட்டுள்ளார். ஆகவே மங்கல முடிவை நாடுவது கீழைநாட்டு மனத்தின் குறைபாடு அன்று. கொடுமையைக் கண்முன் கண்ட பார்வையாளர் எங்கும் அதனை வேண்டுகின்றனர். ஒரு நாடகம் துன்பியலா என்பதை அதன் கடைசி ஐந்து நிமிடங்களைக் கொண்டு முடிவு செய்வதைவிட, அது பார்வையாளரை எவ்விடத்தில் நெடுநேரம் நிறுத்தி வைக்கிறது என்பதைக் கொண்டு முடிவு செய்வதே பொருத்தமாகும்.

லியரைத் தழுவி இந்திரா பார்த்தசாரதி ‘இறுதி ஆட்டம்’ என்னும் நாடகத்தை எழுதினார். அத்தகைய தழுவல்கள் தனி ஆய்வுக்குரியன. இங்கு எடுத்துக்கொள்ளப்படுவது, எந்தத் தழுவலும் இன்றி மாரியம்மன் திருவிழா இரவுகளில் ஆடப்பட்டு வரும் ஒரு காண்டம்.

2. பனுவல் மரபு

அரிச்சந்திரன் கதையின் மிகப் பழைய வடிவம் ஐதரேய பிராமணத்தில் உள்ளது. அங்கு உண்மை பேசும் அரசன் இல்லை; தன் மகனை வருணனுக்குப் பலியிடுவதாகச் சொல்லிவிட்டு நாளைத் தள்ளிப்போடும் அரசனே இருக்கிறான். மகனுக்கு மாற்றாகச் சுனச்சேபன் என்னும் சிறுவன் விலைக்கு வாங்கப்படுகிறான். விற்றவன் அச்சிறுவனின் தந்தை. விற்பதற்கு நூறு பசு, கம்பத்தில் கட்டுவதற்கு மேலும் நூறு, வெட்டுவதற்கு இன்னும் நூறு எனத் தந்தை விலை பேசுகிறான். கதை பின்னர் முற்றிலும் மாறினாலும் இந்த விலைப்பேச்சு மட்டும் அதைவிட்டு அகலவே இல்லை.

மார்க்கண்டேய புராணத்தில் கதை இன்று நாம் அறிந்த வடிவத்தை அடைகிறது. சேமீசுவரரின் சண்டகௌசிகம் என்னும் வடமொழி நாடகமும், 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இராகவாங்கரின் கன்னடக் காவியமும், 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நல்லூர் வீரகவிராயரின் அரிச்சந்திர புராணமும் அதனை வளர்த்தன. தமிழ் நாடக வடிவம் ஒன்றை முத்துக் குமாரசுவாமி ஆங்கிலத்தில் பெயர்த்து 1863இல் இலண்டனில் வெளியிட்டார். யாழ்ப்பாணத்து இசைநாடக மரபில் நடிகமணி வி. வி. வைரமுத்துவின் பெயரே மயான காண்டத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் அளவுக்கு அக்காண்டம் தனி நாடகமாகப் புகழ்பெற்றது. நீண்ட கதையிலிருந்து இந்த ஒரு பகுதி மட்டும் கழன்று தனித்து நின்றது தற்செயல் அன்று. கதையின் உயிர் இருக்குமிடத்தைப் பார்வையாளர்கள் ஆய்வாளர்களுக்கு முன்பே அறிந்திருந்தனர்.

இக்கதையைச் சத்தியத்தின் வெற்றியாகப் படிக்கும் மரபும் வலுவானது. சிறுவயதில் அரிச்சந்திரன் நாடகம் கண்ட காந்தியடிகள், எல்லோரும் ஏன் அரிச்சந்திரனைப்போல் உண்மையாளராக இருக்கக் கூடாது என்று தமக்குள் கேட்டுக்கொண்டதைத் தம் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். பம்மல் சம்பந்த முதலியார் இதே கதையைத் தலைகீழாக்கிப் பொய்யே பேசுபவனைத் தலைவனாகக் கொண்டு ‘சந்திரஹரி’ என்னும் நகைச்சுவை நாடகம் எழுதினார். இரண்டுமே கதையின் மையம் உண்மை – பொய் என்னும் எதிர்வு எனக் கொண்டன. கூத்துக் களத்தில் கண்டது வேறு.

3. களம்

1997இல் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிக்கப்படும்வரை இப்பகுதி முழுதும் சேலம் மாவட்டமே. சேர்வராயன் மலையில் தோன்றிச் சேலம் நகரைக் கடந்து தெற்கே காவிரியைச் சேரும் திருமணிமுத்தாறு, மேற்கே சரபங்கா, எல்லையாக ஓடும் காவிரி ஆகியவற்றுக்கு இடைப்பட்ட இச்சமவெளி பெரும்பாலும் புன்செய். தறி, மரவள்ளி, கோழிப்பண்ணை, லாரி, ஆழ்துளைக் கிணற்று வண்டி என இன்றைய வாழ்க்கை மாறியிருப்பினும், பங்குனி தொடங்கி வைகாசி வரையிலான அம்மன் திருவிழாக்களில் கூத்து தொடர்கிறது. இப்பகுதிக் கூத்து மரபைப் பதிவு செய்வதிலும் கலைஞர்களை ஒருங்கிணைப்பதிலும் மேட்டூர் அருகிலுள்ள ஏர்வாடியிலிருந்து மு. ஹரிகிருஷ்ணன் ‘மணல்வீடு’ இதழ் வாயிலாகவும் களரி அமைப்பு வாயிலாகவும் செய்துவரும் பணி இத்துறையில் நுழையும் எவரும் தொடங்க வேண்டிய இடம். தொண்டை மண்டலக் கட்டைக்கூத்து குறித்து ரிச்சர்ட் பிராஸ்கா, ஹன்னே டி புருய்ன் ஆகியோரின் விரிவான நூல்கள் உள்ளன. மேற்குப் பகுதிக் கூத்துக்கு அத்தகைய கவனம் இன்னும் கிட்டவில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

இக்கட்டுரைக்கு ஆதாரமாக அமைவன இராசிபுரம், சங்ககிரி வட்டங்களின் சிற்றூர்களில் கட்டுரையாளர் நேரில் கண்டு குறிப்பெடுத்த ஆட்டங்களாகும். கலைஞர்களின் பெயர்களும் ஊர்ப்பெயர்களும் இங்குத் தவிர்க்கப்பட்டுள்ளன.

ஆட்ட அமைப்பு எளியது. கோயிலுக்கு எதிரே திறந்த வெளி. பின்புறம் ஒரு பெஞ்சு. அதில் பெட்டி எனப்படும் ஆர்மோனியம், மிருதங்கம், தாளம், முகவீணை. இருவர் பிடிக்கும் திரைத்துணிக்குப் பின்னிருந்து வேடம் வெளிப்படும். இரவு பத்து மணியளவில் கோமாளி வருகிறான், விடியலில் மங்களம். அரிச்சந்திரன் முதலில் புஜக்கட்டையும் கிரீடமும் தரித்து வருவார். மயானத்துக்கு வரும்போது அவை அனைத்தும் கழற்றப்பட்டுத் தோளில் ஒரு கம்பளி, கையில் ஒரு தடி. அவ்வளவுதான். ஒரே நடிகரின் உடல் கட்டையின் பாரத்தோடு ஆடிய ஆட்டத்துக்கும், பாரம் நீங்கியபின் கூனி நடக்கும் நடைக்கும் இடையிலான வேறுபாடே, வசனம் தொடங்குமுன் கதையைச் சொல்லிவிடுகிறது.

4. வழியில் வரும் கடன்காரன்

மயானத்துக்கு முன் ஒரு நெடிய பயணம் உண்டு. நாட்டை விசுவாமித்திரருக்குக் கொடுத்தபின்னும் அரிச்சந்திரன் தர வேண்டிய வேள்விப் பொருள் கடனாக நிற்கிறது. அதனை வாங்கிவர முனிவரால் அனுப்பப்படும் நட்சத்திரேசன் காசிவரை உடன் வருகிறான். காட்டிலும் வெயிலிலும் நடக்க மாட்டேன் என்கிறான், பசிக்கிறது என்கிறான், கடனைக் கொடு, இல்லையேல் இல்லை என்று சொல் என்கிறான். ‘இல்லை’ என்ற சொல் ஒன்றே போதும், கடன் தீர்ந்துவிடும். அந்தச் சொல் பொய்யாகிவிடும் என்பதால் அரிச்சந்திரன் சொல்வதில்லை.

அச்சிட்ட பனுவல்களில் நகைச்சுவைப் பகுதியாக அமையும் இது, களத்தில் அவ்வாறு மட்டும் அமைவதில்லை. நட்சத்திரேசன் வேடத்தின் பேச்சு, நடை, கையில் அக்குளில் இடுக்கிய சிறு கணக்குப் புத்தகம் ஆகியன ஊரில் வார வட்டிக்கும் கந்துவட்டிக்கும் பணம் கொடுத்து வாங்குவோரை நினைவூட்டும்படி அமைகின்றன. பார்வையாளர் சிரிக்கின்றனர். ஆனால் கடன்காரன் சந்திரமதியை நோக்கித் திரும்பிப் பேசத் தொடங்கியதும் பெண்கள் பக்கத்தில் சிரிப்பு நின்றுவிடுவதைக் கட்டுரையாளர் ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்டங்களில் கண்டுள்ளார்.

இதனைப் பண்பாட்டுச் சூழலோடு பொருத்திப் பார்க்க வேண்டும். குமாரபாளையம் பகுதி விசைத்தறிகளில் தொழிலாளர் முன்பணம் வாங்கி அதற்குக் கட்டுப்பட்டு வேலை செய்யும் ‘பாக்கி’ முறையை மானிடவியலாளர் கீர்ட் டி நெவ் தம் ஆய்வில் (2005) விரிவாக எழுதியுள்ளார். கடனுக்கு ஈடாகக் குடும்பத்தோடு உழைப்பை எழுதித் தரும் முறையைத் தடைசெய்யக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. அரிச்சந்திரன் மனைவியையும் மகனையும் காலகண்டையர் என்னும் அந்தணருக்கு விற்பதும், பின் கடன் வாங்க வந்தவனின் கூலிக்காகத் தன்னையே சுடலை காவலனாகிய வீரபாகுவிடம் விற்பதும் இப்பார்வையாளருக்குப் புராணம் மட்டும் அன்று. கடன் தீர்ந்தபின் கடன் வாங்கவந்தவனின் அலைச்சற்கூலி தனியே நிற்கிறது என்னும் நுட்பத்தைக் கதை எங்கிருந்து பெற்றதோ தெரியவில்லை. தவணை கட்டிப் பழகிய எவருக்கும் அதனை விளக்கத் தேவையில்லை.

5. மயானம்

தருப்பை அறுக்கப் போன லோகிதாசனைப் பாம்பு தீண்டுகிறது. வீட்டு வேலை முடியும்வரை மகனின் உடலைப் பார்க்கச் சந்திரமதிக்கு இசைவில்லை. நள்ளிரவுக்குப்பின் அவள் பிணத்தைச் சுமந்து சுடலை வருகிறாள். நேரக் கணக்கில் இது கூத்தின் நள்ளிரவும் ஆகும். ஊர் உறங்கிய நேரம். குழந்தைகள் சாக்கின்மேல் படுத்துவிட்டனர். விழித்திருப்போர் பெரும்பாலும் முதியோரும் பெண்களும்.

பிணம் ஒரு வேட்டிப் பொதி. சுருட்டி இருபுறமும் முடிந்த வெள்ளை வேட்டி. ஸ்திரீபார்ட் கலைஞர் அதனைத் தோளில் கிடத்திக்கொண்டு களத்தை மூன்று முறை சுற்றுகிறார். கட்டை அடுக்கித் தீ வைக்க முனையும்போது தடியோடு அரிச்சந்திரன் வந்து தடுக்கிறான். அதன்பின் தொடங்கும் உரையாடலே இக்காண்டத்தின் நெஞ்சு.

சுடலையில் எரியும் ஒவ்வொரு பிணத்துக்கும் மூன்று பொருள் உண்டு. கால்பணமும் முழத்துண்டும் வீரபாகுவுக்கு உரியவை. வாய்க்கரிசி காவல் காக்கும் அடிமைக்கு உணவு. சந்திரமதியிடம் எதுவும் இல்லை. அவள் கெஞ்சுகிறாள். அரிச்சந்திரன் சற்றே இளகி, வாய்க்கரிசி என்னுடையது, அதை விட்டேன் என்கிறான். அதாவது அன்றைய தன் உணவை விடுகிறான். மற்ற இரண்டும் ஆண்டையின் உடைமை. அவற்றை விட அடிமைக்கு உரிமை இல்லை.

இந்த ஒரு பகுப்பில் நாடகத்தின் முழுக் கொடுமையும் அடங்கியுள்ளது. இங்கு எவரும் தீயவர் அல்லர். விசுவாமித்திரர் களத்திலேயே இல்லை. வீரபாகு உறங்கிக்கொண்டிருக்கிறான். கொடியவனாக நிற்பவன் தனக்குரியதை எல்லாம் கொடுத்துவிட்ட ஒருவன். கருணை காட்ட வேண்டுமாயின் ஒருவனுக்கு ஏதேனும் உடைமை வேண்டும். உடைமை அற்றவனின் நேர்மை பிறர் உடைமையைக் காக்கும் காவலாக மட்டுமே எஞ்சுகிறது. லியர் அரசன் புயலில் நனைந்தபோது, தன் ஆட்சியில் கூரையற்று வாடியவர்களைத் தான் எண்ணிப் பார்க்கவில்லை என உணர்கிறான். அது இழந்தவனுக்குக் கிடைக்கும் அறிவு. அரிச்சந்திரனுக்கு அந்த அறிவுகூடப் பயன்படுவதில்லை. அவன் அறிந்தபின்னும் கேட்கிறான்.

அறிந்தபின்னும் என்பது இங்குக் கருதத்தக்கது. கையில் ஒன்றும் இல்லை எனச் சொல்லும் பெண்ணிடம், கழுத்தில் தாலி இருக்கிறதே, அதை விற்றுக் கட்டு என்கிறான் காவலன். கணவன் கண்ணுக்கு அன்றிப் பிறர் கண்ணுக்குப் புலப்படாத தாலி அது. அவள் அறிந்துகொள்கிறாள், அவனும் அறிந்துகொள்கிறான், கிடப்பது தன் மகன் என்பதும் தெரிகிறது. அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில் அறிதலைத் துன்பியல் கதைக்கோப்பின் இன்றியமையாத கூறாகக் கொள்கிறார். செயல் நிகழுமுன் உறவை அறிந்து கை நின்றுவிடும் வகையை அவர் சிறப்பித்துக் கூறுகிறார். தன் தம்பியைப் பலியிட இருந்த இபிகேனியா அவனை அறிந்து நிறுத்துவது அவர் காட்டும் சான்று. மயான காண்டத்தில் அறிதல் நிகழ்கிறது, கை நிற்பதில்லை. அவர்கள் அழுகிறார்கள், பொதியை மடியில் கிடத்துகிறார்கள், பழைய நாள்களைச் சொல்லி ஆளுக்கொரு விருத்தம் பாடுகிறார்கள். பிறகு அவன் எழுந்து, கால்பணமும் முழத்துண்டும் கொண்டுவா என்கிறான். மகன் என்பதால் கட்டணம் குறைவதில்லை. அரிஸ்டாட்டிலின் வகைப்பாட்டில் இதற்கு நேரான இடம் இல்லை.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் இடம் உண்டு. அழுகைக்கு நிலைக்களனாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கினைத் தொல்காப்பியர் கூறுகிறார். பிறரால் இகழப்பட்டு எளிமையுறல், உறவையும் நுகர்வையும் இழத்தல், பண்டை நிலை கெட்டு வருந்தல், வேண்டிய பொருளின்மை என உரைகாரர் கருத்தைச் சுருக்கலாம். பிற பாத்திரங்களில் ஒன்றோ இரண்டோ அமையக்கூடிய இவை நான்கும் சந்திரமதியிடம் ஒரே காட்சியில், ஒரே நேரத்தில் கூடுகின்றன. ஆனால் இவற்றுள் காட்சியை நடத்திச் செல்வது இழவு அன்று, வறுமையே. பிள்ளை இறந்தது பாம்பால்; அவனை எரிக்க இயலாமல் போனது காற்பணத்தால். கூத்துக் கலைஞர்கள் ஒப்பாரியைச் சுருக்கினாலும் இப்பேரத்தைச் சுருக்குவதில்லை.

6. மடிப்பிச்சை

கட்டுரையாளர் கண்ட ஆட்டம் ஒன்றில் நிகழ்ந்ததைச் சற்று விரித்துச் சொல்வது தேவை. கூத்தில் அன்பளிப்பு வழக்கமானது. கொடுத்தவர் பெயரைக் கோமாளி உரக்கச் சொல்லி வாழ்த்துவார். அன்று சந்திரமதி வேடம் கட்டியவர் பொதியைக் களத்தின் நடுவே கிடத்திவிட்டு, முந்தானையை ஏந்தியபடி பார்வையாளரிடையே வந்தார். பிள்ளையை எரிக்கக் கால்பணம் வேண்டும் என்று பாடியே வந்தார். பத்து ரூபாய்த் தாள்களும் நாணயங்களும் விழுந்தன. மூதாட்டி ஒருவர் இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்து மடித்த நோட்டு ஒன்றைப் போட்டார். கோமாளி ஒவ்வொரு பெயரையும் சொல்லி வாழ்த்தினார். பெட்டிக்காரரிடம் பணம் சேர்ந்தது. சந்திரமதி களத்துக்குத் திரும்பினார். அரிச்சந்திரன் கேட்டான். அவள் மீண்டும், கையில் காசில்லை என்றாள்.

உடனே அந்த மூதாட்டியிடமிருந்து குரல் வந்தது: “நாங்க குடுத்த காசு என்னாச்சு சாமி? அதக் கட்டிப்போட்டுப் புள்ளைய எடுத்துப்போட வேண்டியதுதான?” சுற்றிலும் சிரிப்பு. கோமாளி தாமதியாமல், “அது வேற கணக்கு ஆயா” என்றார். மூதாட்டி சிரிக்கவில்லை.

நாடகக் கல்வியில் இதனை மேடைக்கும் பார்வையாளருக்கும் இடையிலான சுவர் உடைந்ததாகச் சொல்வர். அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட இயலவில்லை. சுவர் உடைந்தது உண்மை. ஆனால் பணம் ஒரு புறத்திலிருந்து மறுபுறம் செல்லவில்லை. பார்வையாளரின் இரக்கம் உண்மையானது, நோட்டும் உண்மையானது. எனினும் அது கலைஞரின் கூலியில் சேர்ந்தது, கதைக்குள் நுழையவில்லை. கதை அதை ஏற்றுக்கொண்டால் கதை அந்த இடத்திலேயே முடிந்துவிடும். சந்திரமதிக்கு இரங்குவோர் ஒரு பெருங்கூட்டமாக எதிரே அமர்ந்திருக்க, அவளுக்கு ஒரு காசும் எட்டாமல் போகிறது. இக்கொடுமை எந்தப் பனுவலிலும் எழுதப்பட்டிருக்க இயலாது; ஆட்டத்தில் மட்டுமே நிகழக்கூடியது. கோமாளியின் விடை நகைச்சுவையாகச் சொல்லப்பட்டதே. ஆயினும் நாடகம் முழுதும் அரிச்சந்திரன் சொல்லிக்கொண்டிருப்பதும் அதைத்தான்: கணக்கு வேறு.

7. வீரபாகுவின் சுடலை

இக்காண்டத்தை வியந்து எழுதுவதோடு நின்றுவிடக் கூடாத ஓர் இடம் உண்டு. அரசன் அடைந்த தாழ்வின் எல்லையாகப் பனுவல் காட்டுவது, அவன் சுடலை காவலனுக்கு, பனுவலின் சொல்லில் ‘புலையனுக்கு’, அடிமையானதை. அரசனுக்கு அது இளிவு. பிறப்பால் அத்தொழில் சுமத்தப்பட்டவருக்கு அது அன்றாடம். ஒருவனுக்கு வந்துசேர்ந்த சோதனையாகச் சொல்லப்படுவது இன்னொருவனுக்கு வாழ்க்கையாக இருப்பதைப் பற்றிப் பனுவல் எதுவும் சொல்வதில்லை.

தமிழகத்துச் சுடுகாட்டு வாயில்களில் அரிச்சந்திரன் பெயரால் ஒரு கல்லோ மேடையோ இருப்பதும், பாடையை அங்கு இறக்கி வைத்துச் சடங்கு செய்வதும், வெட்டியான் அரிச்சந்திரன் கதையைச் சொல்லித் தனக்குரியதைப் பெறுவதும் அறியப்பட்ட வழக்கங்கள். கால்பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் அங்கு இன்றும் சொற்களாக வாழ்கின்றன. அச்சடங்கில் கதை வேறு முகம் கொள்கிறது. அரசனே காத்த இடம் இது, அரசனே வாங்கிய கூலி இது, மறுக்காமல் கொடு என்பது அதன் உட்பொருள். இழிவு எனப் பனுவல் காட்டியதை உரிமைக்குச் சான்றாக்கிக்கொண்டனர் அம்மக்கள்.

இப்பகுதிக் கூத்துக் கலைஞருள் ஒடுக்கப்பட்ட சாதியினர் பலர். வீரபாகு வேடம் கட்டியவர்களோடு உரையாடியபோது, அவ்வேடத்துக்குக் குடித்துத் தள்ளாடும் ஒரு வழக்கமான நடை உண்டு என்றும், அதைச் சில ஆண்டுகளாகத் தாம் விட்டுவிட்டதாகவும் ஒருவர் கூறினார். காரணம் கேட்டபோது, “அரிச்சந்திரன வாங்குனவன் காசு வச்சிருந்தவந்தானுங்க. அவன் எதுக்குங்க தள்ளாடோணும்?” என்றார். வீரபாகு நிமிர்ந்து நடந்து வந்து, அடிமையின் பல்லையும் தோளையும் பார்த்து விலை பேசிய அந்த ஆட்டத்தில் பார்வையாளர் சிரிக்கவில்லை. ஒரு நடையின் மாற்றம் காட்சியின் பொருளை மாற்றிவிட்டது. அடிமையை வாங்குவோரில் உயர்ந்தோர், தாழ்ந்தோர் என்னும் வேறுபாட்டை நீக்கி, வாங்குதலை மட்டும் அது காட்டியது. காலகண்டையர் சந்திரமதியை வாங்கிய காட்சியையும் அப்போதுதான் பின்னோக்கி எண்ணிப் பார்க்க நேர்ந்தது.

8. விடியல்

இனி முடிவு. கட்டணம் வாங்கிவரச் செல்லும் வழியில் காசி அரசனின் மகன் கொலையுண்டு கிடக்கிறான். பழி சந்திரமதிமேல் விழுகிறது. அவளை வெட்டும் பணி வீரபாகுவின் அடிமைக்கே வருகிறது. ஒரு பொய் சொன்னால் எல்லாவற்றையும் தருகிறேன் என முனிவர் கடைசியாகக் கேட்பதும் அரிச்சந்திரன் மறுப்பதும் வாள் மாலையாவதும் விரைந்து நிகழ்கின்றன. இரவின் பின்பாதியில் பெரும்பகுதியைச் சுடலைப் பேரம் எடுத்துக்கொள்ள, தெய்வத் தோற்றம் முதல் மங்களம் வரை சில நிமிடங்களே. இதற்குள் கிழக்கு வெளுத்துவிடுகிறது. பார்வையாளரில் பலர் சாக்கை மடித்துக்கொண்டு எழுந்துவிடுகின்றனர். டேட்டின் திருத்தத்தில் மங்கல முடிவு நாடகத்தின் உடலையே மாற்றியது. கூத்தில் அது நாடகத்தை முடித்து வைத்து மக்களை வீட்டுக்கு அனுப்பும் சடங்கு. திருவிழாக் களத்தைப் பிணத்தோடு விட்டுச் செல்லக் கூடாது என்பதே கலைஞர்கள் சொல்லும் காரணமும்.

இவ்வடிவம் இன்று வேறொரு நெருக்கடியில் உள்ளது. ஒலிபெருக்கிக்கும் இரவு நிகழ்ச்சிக்குமான காவல்துறைக் கட்டுப்பாடுகளால் விடிய விடிய ஆடும் வாய்ப்புக் குறைகிறது. கல்லூரி விழாக்களிலும் பண்பாட்டு மேடைகளிலும் ஒரு மணி நேர மயான காண்டம் கேட்கப்படுகிறது. அத்தகைய சுருக்க வடிவங்கள் இரண்டினைக் கட்டுரையாளர் கண்டுள்ளார். இரண்டிலும் ஒப்பாரி இருந்தது. தாலியால் அறிதல் இருந்தது. வாள் மாலையானது ஒளியமைப்போடு சிறப்பாக இருந்தது. நட்சத்திரேசன் இல்லை. வாய்க்கரிசியை விட்டுக்கொடுத்து மற்றதைக் கேட்கும் பேரம் இரண்டு வரியில் முடிந்தது. பேரம் இல்லாத மயான காண்டத்தில் எஞ்சுவது உருக்கமும் அற்புதமும். அவற்றைக் கண்டவர்கள் தமிழில் துன்பியல் இல்லை என்று எழுதினால் அவர்களைக் குறைசொல்ல இயலாது. ஆவணப்படுத்துவோர் நேரக் குறைவால் ‘மீள்மீள வரும் வசனம்’ என வெட்டிவிடும் பகுதியும் பெரும்பாலும் இந்தப் பேரமே என்பதால், முழு இரவு ஆட்டங்களை இடைவெட்டின்றிப் பதிவு செய்வது காலம் தாழ்த்தக் கூடாத பணி.

சங்ககிரி வட்டத்தில் கண்ட ஆட்டத்தின் இறுதியைக் குறித்து வைத்துள்ள பக்கத்தில் ஒரு செய்தி உள்ளது. லோகிதாசனாக நடித்த சிறுவன் உயிர்பெற்றுத் திரைக்குப் பின்னிருந்து ஓடி வந்து பெற்றோரிடையே நின்றான். மங்களம் பாடப்பட்டது. அவன் பிணமாகக் காட்டப்பட்ட வேட்டிப் பொதி அப்போதும் களத்தின் நடுவே கிடந்தது. எவரும் அதை எடுக்கவில்லை. கற்பூரம் காட்டி முடிந்தபின், சந்திரமதி வேடம் கட்டியவர் குனிந்து முடிச்சை அவிழ்த்து வேட்டியை உதறி, அதனாலேயே முகத்து அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டார்.